கோழிகள் முட்டையிடாத நான்கு நாள்

வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு எங்கள் மாவட்டச் சிறையில் நாற்பது கைதிகள் வீடு திரும்புவார்கள். பத்தே முக்காலுக்கு மறுபடியும் அறைக்குள் போய்விடுவார்கள்.

நடுவில் நடப்பது ஒத்திகை. சிறையின் நலன் அலுவலர் அன்யேரோ செய்த ஏற்பாடு அது. கைதிகள் அந்த அம்மாளை 'மேகோ' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் அச்சோலி மக்கள் தாய்க்குச் சமமானவளை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். மற்ற அதிகாரிகளுக்கும் கைதிகள் பெயர் வைத்திருந்தார்கள். அவை அச்சில் ஏறக்கூடியவை அல்ல.

வெகுநாள் ஊருக்கு வெளியே இருந்துவிட்டு வந்தவன் எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் அப்படியே நுழைந்துவிட முடியாது. பாதை முற்றத்தைத் தொடும் இடத்தில், களஞ்சியக் கூரையைத் தூக்கி நிறுத்துகிற கவைக்கம்பை வீட்டார் கிடத்துவார்கள். பக்கத்தில் வழுக்குப் பட்டையுள்ள ஒரு குச்சியைப் பிளந்து, நடுவில் பச்சை முட்டை ஒன்றை வைப்பார்கள். வந்தவன் வலது காலால் அதை மிதித்து உடைத்துவிட்டு உள்ளே வரவேண்டும். வெளியூரில் அவன்மேல் என்ன ஒட்டியிருந்தாலும் அந்த மஞ்சள் கருவோடு போய்விடும். அதன்பிறகு அவன் அந்த வீட்டு ஆள். அவனுக்கும் ஒரு தட்டு, அவனுக்கும் ஒரு துண்டு நிலம். மிதிக்காமல் நுழைந்தால் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஆகாது. முட்டையை வீட்டார்தான் வைக்கவேண்டும். வந்தவன் தன் கையால் வைத்துக்கொள்ளக் கூடாது. தன் கல்யாணத்துக்குத் தானே பெண்ணாக நிற்க முடியுமா?

சிறையில் முட்டை கிடையாது. வருகிற முட்டைகளெல்லாம் கண்காணிப்பாளர் வீட்டுக்குப் போகும் வழியை மனப்பாடம் செய்து வைத்திருந்தன. அதனால் தச்சுப் பட்டறையில் வேலை பழகிய ஓஜாரா என்பவன் தேக்கில் ஒரு முட்டை கடைந்து கொடுத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதை எவ்வளவு அச்சு அசலாகச் செய்தான் என்றால், சிறைத் தோட்டத்துக் கோழி ஒன்று மூன்று நாள் அதன்மேல் அடைகாத்து உட்கார்ந்திருந்தது என்று சொல்வார்கள். இது மிகை. சரியாக விசாரித்தால் இரண்டரை நாள்தான்.

அந்த மர முட்டையை நாற்பது பேரும் வாரந்தோறும் மிதித்தார்கள். அது உடையவில்லை. மேலிடத்து அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோது நல்லெண்ணத்தின் பேரில் தானும் ஒரு மிதி மிதித்தார். முட்டை உருண்டது, அதிகாரியும் உருண்டார். அந்த ஆண்டறிக்கையில் ஒத்திகை வகுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வகுப்பில் அம்மாவாக நடிப்பவன் கோமகெச். ஆடு திருடி உள்ளே வந்தவன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவன் "மவனே!" என்று ஒரு குரல் கொடுத்தால் காவலர்களுக்கே மூக்கு ஒழுகும்.

ஒரு வியாழக்கிழமை ஓஜாராவின் முறை வந்தது. அவனுக்கு இன்னும் ஒரு வாரத்தில் விடுதலை. முட்டையை மிதித்தான். தலை குனிந்தான். மனப்பாடம் செய்ததைச் சொன்னான்.

"அம்மா, வந்துட்டேன். நான் செஞ்சது தப்பு. இனிமே குடிக்க மாட்டேன். எனக்கு மண்வெட்டி குடுங்க, வேலை செய்றேன்."

"எம் மவனே! இத்தனை வருஷம் எங்கடா போயிருந்த?" என்று கோமகெச் கட்டிக்கொண்டான். "என் ஆட்டைப் பாத்தியாடா?"

"டேய், ஆடு வேணாம்" என்றார் மேகோ. "அம்மாவா மட்டும் அழு."

எல்லோரும் சிரித்தார்கள். ஓஜாரா மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய சொந்த அம்மா அவன் உள்ளே வந்த மூன்றாம் வருஷம் செத்துப்போனாள். அடக்கத்துக்கு அவனை அனுப்பவில்லை. எங்கள் வழக்கப்படி அவளை முற்றத்திலேயே புதைத்தார்கள். அந்தக் குழியின் பக்கத்தில் போய் ஒரு நாழி உட்காரவேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு வேலை இருக்கவில்லை.

"மேகோ, ஒரு சந்தேகம்" என்றான். "வீட்டுல முட்டை வைக்கலன்னா?"

"வைப்பாங்க. வழக்கம்தானே?"

"வைக்கலன்னா என்ன பண்ணணும்? அதுக்கு ஒத்திகை இல்லையே."

மேகோ தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். வணக்கம் சொல்வது எப்படி என்பது இருந்தது. மன்னிப்புக் கேட்பது, கோபத்தை அடக்குவது, சாராயக் கடைத் தெருவை விட்டுச் சுற்றிப் போவது எல்லாம் இருந்தன. ஓஜாரா கேட்டது இல்லை.

"நான் உன் ஊருக்கு லெட்டர் எழுதிட்டேம்ப்பா" என்றார். "கவலைப்படாத."

நேரில் போய்ப் பேச வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். மூன்று முறை கேட்டும் பார்த்தார். வண்டி இருந்தது, டீசல் இல்லை. மறுபடி கேட்டபோது டீசல் இருந்தது, ஓட்டுநர் இல்லை. அதற்கடுத்த முறை எல்லாம் இருந்தது, கையெழுத்துப் போட ஆள் இல்லை. எனவே கடிதம்.

கடிதம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் தேயாவ். ஊர் நடுவில் ஒரு யாவோ மரம் நிற்கும். அதன் கொட்டையில் வெண்ணெய் எடுப்போம், அதன் நிழலில் வம்பு பேசுவோம். அந்த நிழலில்தான் எங்கள் சிற்றாலயத்து உபதேசியார் கடிதத்தை வாசித்தார். 'வரும் வியாழக்கிழமை ஓஜாரா வருகிறான். அவனுக்கு ஒரு முட்டை வையுங்கள். அவன் மாறிவிட்டான். மிக நன்றாக மேசை செய்கிறான்.'

"நல்ல லெட்டர்" என்றார் ஒச்சிட்டி. உழவுக் கூட்டத்தின் தலைவர் அவர். மண்வெட்டித் தலைவர் என்று நாங்கள் சொல்வோம். "கையெழுத்து அழகா இருக்கு."

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓஜாரா குடித்துவிட்டு எரித்தது இதே ஒச்சிட்டியின் களஞ்சியத்தைத்தான். எரிந்த அன்று அதில் மூன்று கூடை கேழ்வரகு இருந்ததாகச் சொன்னார். அடுத்த வருஷம் அது எட்டுக் கூடை ஆனது. நான்காம் வருஷம் எள்ளும் நிலக்கடலையும் சேர்ந்துகொண்டன. எரிந்த பிறகும் வருஷா வருஷம் விளைந்துகொண்டே இருந்த களஞ்சியம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான். ஓஜாராவின் அண்ணன் லக்கோனி அதற்கு ஈடாக ஒரு காளையைக் கொடுத்துத் தீர்த்தான். காளை போனதற்குப் பதிலாகத் தம்பியின் நிலத்தை, "அவன் வர்ற வரைக்கும்" என்று சொல்லி, உழுதுகொண்டான். ஏழு போகம் எள் எடுத்தாயிற்று. எட்டாவது பூத்து நின்றது.

"முட்டைதானே?" என்றோம் நாங்கள். "வச்சாப் போச்சு." யார் வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டலுக்கு ரசீது கிடையாது.

வியாழக்கிழமை மதியம் ஓஜாரா நடந்து வந்தான். சிறையில் கொடுத்த வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை, பைக்குள் மாற்றுத் துணியும் அந்த மர முட்டையும். பாதை முற்றத்தைத் தொடும் இடம்வரை வேகமாக வந்தவன், அங்கே நின்றான். கீழே பார்த்தான். கவைக்கம்பு இல்லை. பிளந்த குச்சி இல்லை. எறும்பு ஒரு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

லக்கோனி வீட்டுக்குள்ளிருந்து வந்து, முற்றத்தின் அந்தப் பக்கம் நின்றான். அவன் மனைவி லமுனு பின்னால் நின்றாள்.

"அண்ணே, வந்துட்டேன்" என்றான் ஓஜாரா.

"வா தம்பி, வா. இளைச்சுட்டியே."

"நல்லாத்தான் போட்டாங்க, அண்ணே. நீங்க நல்லாருக்கீங்களா? அண்ணி, நல்லாருக்கீங்களா?"

"இருக்கோம்ப்பா" என்றாள் லமுனு.

பிறகு ஓஜாரா தன் கால் இருந்த இடத்தைப் பார்த்தான். லக்கோனியும் பார்த்தான்.

"அது வந்து தம்பி... கோழி ஒண்ணும் முட்டை போடல."

"அப்படியா?"

"இந்த வாரம் பூராவே போடல. என்னான்னே தெரியல. வெயிலா, சீக்கான்னு..."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கோழி ஊரெல்லாம் கேட்கும்படி கொக்கரித்தது. கோழி எப்போது அப்படிக் கொக்கரிக்கும் என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

"அதுக்கு இருமல்" என்றாள் லமுனு.

முட்டையைக் குலத்தில் எந்த வீட்டாரும் கொடுக்கலாம். அதனால் ஓஜாரா வீடு வீடாகப் போனான். எந்த முற்றத்திலும் காலை வைக்காமல், பாதையிலேயே நின்று கேட்டான். அன்றைக்கு எங்கள் ஊரில் நடந்ததைக் கால்நடை மருத்துவர்கள்தான் ஆராய வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு கோழிகள், வெள்ளை, கறுப்பு, கழுத்தில் மயிரில்லாதது எல்லாம் சேர்த்து, ஒரே நாளில் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. ஒரு வீட்டுக் கோழி துக்கத்தில் இருந்தது. ஒரு வீட்டுக் கோழி சேவலோடு சண்டை. உபதேசியார் வீட்டுக் கோழி நோன்பு.

யாரும் அவனைத் திட்டவில்லை. அதையும் சொல்லவேண்டும். நாங்கள் நல்லவர்கள். கேழ்வரகுக் களியும் எள் அரைத்துவிட்ட கீரையும் தட்டில் போட்டுப் பாதையோரத்தில் கொண்டுவந்து வைத்தோம். ஒரு வீட்டில் கோழிக்குழம்பே கொடுத்தார்கள். கோழியைக் கொடுத்தோம். முட்டையைத்தான் கொடுக்கவில்லை.

காரணம் சின்னது. முட்டை வைத்தவன் அவனுக்குப் பொறுப்பு. நாளைக்கு அவன் மறுபடியும் தீ வைத்தால் ஊர் முட்டை வைத்தவனைத்தான் கேட்கும். லக்கோனிக்குக் காரணம் இன்னும் சின்னது, மூன்று காணி அளவு. மிதித்து உள்ளே வந்த தம்பிக்கு நிலம் உண்டு. வெளியே நிற்கிற தம்பிக்குக் குழம்பு போதும்.

வெள்ளிக்கிழமை ஓஜாரா மண்வெட்டித் தலைவர் வீட்டுப் பாதையில் மண்டியிட்டான். வகுப்பில் பழகியதை ஒரு சொல் குறையாமல் சொன்னான்.

"பெரியவரே, உங்க களஞ்சியத்தை எரிச்சது நான்தான். போதையில பண்ணுனேன்னு சாக்குச் சொல்ல மாட்டேன். மன்னிச்சிருங்க. புதுசா ஒரு களஞ்சியம் என் கையாலயே கட்டித் தர்றேன். எனக்கு வேலை தெரியும்."

ஒச்சிட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை. மனுஷன் நிஜமாகவே அழுதார்.

"எந்திரிடா. உன்ன நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

"அப்ப ஒரு முட்டை..."

ஒச்சிட்டி கண்ணைத் துடைத்தார். "அது உங்க அண்ணன் வீட்டு விஷயம்ப்பா. நான் எப்படி நடுவுல வர்றது? அவன் வச்சா நான்தான் முதல்ல வந்து கைகுடுப்பேன்."

லக்கோனியிடம் போனபோது, "தலைவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் தம்பி, அடுத்த நிமிஷம் வைக்கிறேன்" என்றான். இப்படி இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவே ஓஜாரா பாதையை ஆறு முறை அளந்தான்.

பகலில் யாவோ மரத்தடியில் உட்கார்ந்து யாருடைய நாற்காலிக்காவது கால் பொருத்திக் கொடுத்தான். அங்கிருந்து பார்த்தால் அவன் வீட்டு முற்றத்தில் அம்மாவின் குழிமேல் பூசிய சிமெண்டின் ஒரு மூலை தெரியும். நாற்காலியைப் பார்க்கிற நேரத்தைவிட அதைப் பார்க்கிற நேரம்தான் அதிகம்.

சனிக்கிழமை லமுனு களி கொண்டுவந்து வைத்தாள். திரும்பப் போகாமல் நின்றாள்.

"ஏன்ப்பா, சும்மா உள்ள வந்துட்டுப் போயேன். யாரு பாக்கப் போறா? அத்தை குழிகிட்ட உக்காந்துட்டுப் போ."

"உங்க பசங்க விளையாடுற இடம் அண்ணி அது. எதாவது ஆயிடுச்சுன்னா?"

"அதையெல்லாம் நீ நம்புறியா?"

"நீங்க நம்பலயா?"

லமுனு களித்தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். நம்பாவிட்டால் முட்டையை வைப்பதில் என்ன கஷ்டம்?

"அம்மா போறப்போ என்னக் கேட்டாங்களா அண்ணி?"

"ம்." முந்தின நாள் காலித் தட்டை எடுத்துக்கொண்டாள். "முட்டை எடுத்து வைடி, வந்துருவான் வந்துருவான்னுதான் சொல்லிட்டிருந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஊர் மொத்தமும் சிற்றாலயத்துக்குப் போனது. வழி தவறிய ஆட்டைப் பற்றி உபதேசியார் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நன்றாகப் பேசினார். நாங்கள் ஆமென் சொன்ன சத்தத்தில் கூரையிலிருந்து ஒரு பல்லி விழுந்தது.

அந்த நேரத்தில் ஓஜாரா எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போனான். முற்றத்துக்கு வெளியே, எள் வயலின் ஓரத்தில், நாலு காலில் நிற்கிறது லக்கோனியின் கோழிக்கூடு. வயல் ஓஜாராவுடையது என்பதால் கூடு நின்றதும் அவன் நிலத்தில்தான். கதவைத் திறந்தான். சாக்கு ஒன்று கிடந்தது. சாக்கைத் தூக்கினால் கூடை. கூடைக்குள் முப்பத்தொரு முட்டைகள்.

ஏழு வருஷத்துக்கு முந்திய ஓஜாராவாக இருந்தால் கூடையோடு கூட்டையும் எரித்திருப்பான். இவன் ஒத்திகை வகுப்பில் கோபத்தை அடக்கப் பழகியவன். ஒன்று, இரண்டு என்று இருபது வரை மனதுக்குள் எண்ணினான். பிறகு ஒரே ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு சாக்கை முன்போலவே மூடினான்.

பாதை முடியும் இடத்துக்கு வந்தான். தானே ஒரு குச்சியைப் பிளந்தான். தானே முட்டையை வைத்தான். செய்யக்கூடாததுதான். அது அவனுக்கும் தெரியும். வலது காலைத் தூக்கி வைத்தான். வருஷக்கணக்கில் மரத்தை மிதித்துப் பழகிய கால் அது. அவ்வளவு சுலபமாக உடையும் என்று அது எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறினான்.

ஆலயம் விட்டு நாங்கள் வந்தபோது அவன் அம்மாவின் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வலது பாதம் மஞ்சளாக இருந்தது. சிமெண்டைக் கையால் தடவிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மா, வந்துட்டேன். நான் செஞ்சது தப்பு. இனிமே குடிக்க மாட்டேன்."

அதே வாக்கியங்கள்தான். கட்டிக்கொண்டு அழுவதற்குக் கோமகெச்சுகூட இல்லை.

"டேய்!" என்று லக்கோனி கத்தினான். "ஏதுடா முட்டை?"

"கூட்டுல எடுத்தேன் அண்ணே."

"திருடன்! பாத்தீங்களாய்யா? நாலு நாள்ல புத்தியக் காட்டிட்டான் பாத்தீங்களா?"

நாங்கள் பார்த்தோம். எங்களுக்கும் ஒரு நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன். நான்கு நாளாக நாங்கள் கெட்டவர்களோ என்று ஒரு சந்தேகம் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே மிதியில் அது தீர்ந்துபோனது. ஒச்சிட்டி கைபேசியை எடுத்துக் காவல் நிலையத்தைக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரத்தில் வண்டி வந்தது. அவனுக்காகப் பேச வர இல்லாத டீசல் அவனைக் கொண்டுபோக இருந்தது.

அவன் ஓடவில்லை. வண்டி வரும்வரை குழி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். அந்த முக்கால் மணி நேரம்தான் அம்மா செத்த நாளிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்தது. கிடைத்தது.

திருட்டுப்போன பொருள் உடைந்துவிட்டதால், அது ஒட்டியிருந்த பாதத்தைக் கழுவக்கூடாது என்று காவலர் உத்தரவு போட்டார். சான்று அழிந்துவிடுமாம். செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்துக்கு வரும்வரை ஓஜாரா அந்தப் பாதம் தரையில் படாமல் குதிகாலில் நடந்தான். நீதிமன்ற எழுத்தர் அவன் கணுக்காலில் சாக்பீஸால் 'சான்று ஒன்று' என்று எழுதினார்.

நீதிபதி ஒரு பெண்மணி. கோப்பைப் படித்துவிட்டு லக்கோனியை அழைத்தார்.

"கூடையில எத்தனை முட்டை இருந்துச்சு?"

"முப்பத்தொண்ணும்மா."

"இப்ப எத்தனை இருக்கு?"

"முப்பது."

"தம்பி முட்டை கேட்டப்போ கோழியே முட்டை போடலன்னு சொன்னதா உங்க வாக்குமூலத்துல இருக்கே?"

"போடலம்மா."

"அப்ப முப்பத்தொண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

லக்கோனி யோசித்தான். "அது பழசும்மா."

அறை சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. ஓஜாராவைப் பார்த்தார்.

"நீ எடுத்தியாப்பா?"

"எடுத்தேம்மா."

"எதுக்கு?"

"மிதிக்க."

நீதிபதியும் எங்கள் பக்கத்துப் பெண்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆனால் முட்டைக்கென்று சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. விடுதலையாகி நான்காம் நாள், முன் தண்டனை உள்ளவன், குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். ஆறு மாதம் என்று எழுதினார். எழுதும்போது அவர் கை மெதுவாக நகர்ந்தது. அதனால் ஒரு நாளும் குறையவில்லை.

நீதிமன்ற வாசலில் வண்டி நின்றது. மேகோ அன்யேரோவும் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ஓஜாரா தலை குனிந்தான்.

"மேகோ, நீங்க சொல்லிக் குடுத்ததை எல்லாம் செஞ்சேன். ஒண்ணுகூட விடல."

"தெரியும்ப்பா."

"ஒரு தப்பு மட்டும் பண்ணிட்டேன். நானே வச்சு நானே மிதிச்சது செல்லாது. வெறும் முட்டை உடைஞ்சதுதான் மிச்சம்."

பைக்குள் கையை விட்டு மர முட்டையை எடுத்தான். அவருடைய கையில் வைத்தான்.

"இதை எங்க ஊர்ல குடுத்துருங்க மேகோ. உள்ள நாங்க போதுமான அளவுக்குப் பழகிட்டோம். அவங்க பழகட்டும்."

வண்டி புறப்பட்டுப் போனது. மேகோ மர முட்டையோடு எங்கள் பக்கம் திரும்பினார். சாட்சி சொல்லவும் வேடிக்கை பார்க்கவுமாக ஊரில் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தோம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தப்பு என்னோடது" என்றார். "நாற்பது பேருக்கு முட்டையை எப்படி மிதிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தேன். நாற்பது ஊருக்கு முட்டையை எப்படி வைக்கிறதுன்னு சொல்லிக் குடுத்திருக்கணும். உள்ள இருக்கிறவன் மாறுனா மட்டும் போதாதுங்க. வெளிய இருக்கிறவங்களும் மாறணும். ஒருத்தன் திருந்தி வர்றப்போ வாசல மூடுனா, அவன மறுபடியும் திருடனாக்குறது அவன் இல்ல, நாமதான். அவனுக்கு ஆறு மாசம் போட்டாங்க. நமக்கு யாரு போடுறது?"

லமுனு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடுத்த தடவை நான் வைக்கிறேன் மேகோ" என்றாள். லக்கோனி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். ஒச்சிட்டி, "மேகோ சொல்றது நியாயம்தான், நியாயம்தான்" என்று இரண்டு தடவை சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். அந்தத் தலையாட்டலைப் பற்றி முன்பே சொல்லியாயிற்று.

மர முட்டை இப்போது ஒச்சிட்டியின் வீட்டில், வானொலிப் பெட்டியின்மேல் இருக்கிறது. விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுகிறார். "நம்ம ஊர்ப் பையன் செஞ்சது, என்ன வேலைப்பாடு பாருங்க" என்கிறார். விருந்தாளிகள் தடவித் தடவி அது பளபளவென்று ஆகிவிட்டது. இதுவரை யாரும் அதைக் கீழே வைத்துப் பழகவில்லை.

ஆறு மாதம் அடுத்த வியாழக்கிழமையோடு முடிகிறது. அடுத்த போக எள் அறுவடைக்கு நிற்கிறது. போன வாரம் லக்கோனி கோழிக்கூட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டான்.

கோழிகளைக் குறை சொல்வதற்கில்லை. அவை ஒரு நாள் தவறாமல் முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.